எட்டு நாற்காலிக் கணக்கில் 25/28 ஏன் வராது

மயிலாப்பூர் சபாவில் ஒரே வரிசையில் 8 நாற்காலி, 5 ஆண்கள், 3 பெண்கள். எந்த இரு பெண்களும் அடுத்தடுத்து உட்காராத நிகழ்தகவு. இதுதானே கேட்டு, உங்களுக்கு 25/28 வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்? மூன்று பெண்களும் சேர்ந்திருப்பதை மட்டும் 1-லிருந்து கழித்ததால்தான் 25/28 வந்திருக்கிறது. இருவர் ஒட்டி உட்கார்ந்து, மூன்றாமவர் கடைசி நாற்காலிக்குப் போனால்? அதையும் கழித்திருக்க வேண்டுமே.

முதலில் ஆண்களை உட்கார வையுங்கள்: 5! (அதாவது 5×4×3×2×1) = 120. நடுவே 4 இடைவெளி, இரு ஓரங்களையும் சேர்த்து 6. (ஓரங்களை மறப்பவர்கள்தான் அதிகம்.) அவற்றில் பெண்கள்: 6×5×4 = 120. பெருக்கினால் 14,400, அதை 8!, அதாவது 40,320-ஆல் வகுத்தால் 5/14.

அப்புறம், கேண்டீன் வட்ட மேசை என்றால் ஓரமே கிடையாது. 5 இடைவெளிதான்; ஒரு ஆணின் இடத்தை நிலையாக வைத்து எண்ணினால் (4!×5×4×3)/7!, விடை 2/7.