இறங்க விடாதது குற்றமா?

அன்புள்ள ஐயா,

வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் கழிவுநீர் சேரும் சம்ப்பில் சகதி வார இறங்கியவர் சில நிமிடங்களில் சுருண்டு விழுந்துவிட்டார். குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிறவர். கூட வேலை செய்த அவருடைய மச்சான் உடனே குதிக்கப் போனார். நானும் இன்னொருவரும் அவரை இடுப்போடு பிடித்து நிறுத்திவிட்டோம். கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. பக்கத்து டேனரியில் மூச்சுவிட உதவும் சிலிண்டர் செட் இருக்கிறது, எடுத்து வரலாம் என்று வேனைக் கிளப்பினால், கேட் பாஸ் இல்லாமல் விடமாட்டேன் என்று செக்யூரிட்டி மறித்தார். மேனேஜர் போனை எடுக்கவில்லை. பத்து நிமிடம் அங்கேயே போயிற்று. தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கியபோது உயிர் இல்லை. "ரூல்ஸ் பேசி ஆளைச் சாகவிட்டவன்" என்கிறார்கள். அவர் குழிக்குள் இறங்கலாம் என்ற அனுமதிச் சீட்டில் இருப்பதும் என் கையெழுத்துதான். விதி பெரிதா, மனசாட்சி பெரிதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

மச்சானைப் பிடித்து நிறுத்தியது சரி. கேட்டில் வாதாடிக்கொண்டு நின்றது தவறு. கையெழுத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் சம்ப்பில் என்ன இருந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். முடி நீக்கும் டிரம்மிலிருந்து வரும் சுண்ணாம்புத் தண்ணீரில் சோடியம் சல்பைடு இருக்கிறது. அதன் பிஎச் (காரமா அமிலமா என்று காட்டும் எண்) 12-ஐ ஒட்டி இருக்கும்வரை சல்பைடு தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். தோலைப் பதனிடும் க்ரோம் டிரம்மிலிருந்து வரும் அமிலத் தண்ணீரின் பிஎச் 4-க்கும் கீழே. இரண்டும் ஒரே குழியில் கலந்து பிஎச் 7-க்கு இறங்கினால் சல்பைடில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறத் தயாராகிவிடும். 5-க்கு இறங்கினால் அநேகமாக முழுவதும். இந்த இரண்டு தண்ணீரையும் தனித்தனி வாய்க்காலில் விட வேண்டும் என்பது இதனால்தான். மேலே இருந்து பார்க்கும்போது சகதி சாதுவாகத்தான் இருக்கும். மண்வெட்டி போட்டுக் கிளறினாலோ, ஆள் கால் வைத்து நடந்தாலோ, உள்ளே அடைபட்டிருந்த வாயு குபுகுபுவென்று கிளம்பும். காலையில் வாயு மீட்டர் நல்ல எண் காட்டிய குழி, வேலை தொடங்கிய கால் மணி நேரத்தில் ஆளைச் சாய்ப்பது இப்படித்தான்.

இந்த வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று நம்பித்தான் பலர் இறங்குகிறார்கள். சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதும் வாயு போய்விட்டது என்று நினைப்பார்கள். 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம்; 1000-ஐத் தொட்டால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில்தான் தேங்கும். விழுந்தவரைத் தூக்கக் குனிகிறவரின் மூக்கு நேராக அதற்குள் போகிறது. இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எழுதியது. ஈரத்துணி, தூசி மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. குப்பி வைத்த முகமூடியும் உதவாது. அது காற்றை வடிகட்டும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜன் தராது. மச்சான் குதித்திருந்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருந்திருக்கும்.

இறங்காமலே செய்யக்கூடியவை இருந்தன. ப்ளோயரின் குழாயை அடியிலிருந்து ஓர் அடி உயரம்வரை இறக்கி நல்ல காற்றை உள்ளே தள்ள வேண்டும். உறிஞ்சக் கூடாது, தள்ள வேண்டும். ப்ளோயரின் வாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்று மீட்டர் நீள அகல ஆழமுள்ள குழி 27 கன மீட்டர். மணிக்கு 1500 கன மீட்டர் தள்ளும் ப்ளோயர் அந்தக் காற்றை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு முறை மாற்றிவிடும். மயங்கிக் கிடப்பவரின் மூச்சு முழுதும் நின்றுவிடாமல் இருந்தால் இதுவே உயிரைப் பிடித்து வைக்கும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து உள்ளே விடுகிற ஆட்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது, தீப்பற்ற ஒரு பொறி போதும்.

தூக்குவதற்கு வாருங்கள். இறங்கும்போதே அவர் உடல் முழுக்க மாட்டும் ஹார்னஸ் போட்டு, தோளுக்குப் பின்னால் உள்ள வளையத்தில் கயிறு கோத்து, மேலே குழி வாயில் நிறுத்தும் மூன்று கால் தாங்கியான முக்காலியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கைவின்ச்சும் இருந்திருந்தால், இரண்டு பேர் குழிக்கு வெளியே நின்றே தூக்கியிருக்கலாம். இடுப்பு பெல்ட் மட்டும் என்றால் மயங்கிய உடம்பு இரண்டாக மடங்கி மேன்ஹோல் வாயில் சிக்கிக்கொள்ளும். ஹார்னஸ் இல்லாமல் விழுந்தவரை இன்னொருவர் இறங்காமல் எடுக்க வழியில்லை. அப்படி இறங்குகிறவருக்கு முதுகில் சிலிண்டர் மாட்டும் பி.ஏ. செட் என்ற சுவாசக் கருவி கட்டாயம். ஆக்சிஜன் போகாத மூளை நாலைந்து நிமிடத்தில் பழுதாகத் தொடங்கும். தீயணைப்பு நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்தக் கணக்குக்குள் வர முடியாது. அதனால்தான் செட் குழியின் ஓரத்தில் இருக்க வேண்டும், பக்கத்து டேனரியில் அல்ல. வெளியே எடுத்ததும் வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், வாயு ஊதுகிறவருக்கும் ஏறும். நனைந்த துணியைக் கழற்றி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்துங்கள்.

இப்போது கேட்டுக்கு வருவோம். குழிக்குள் இறங்காதே என்ற விதி இறந்துபோனவர்களைப் பார்த்து எழுதியது. கேட் பாஸ் விதி தோல் திருட்டுப் போகாமலிருக்க எழுதியது. இரண்டையும் "விதி" என்று ஒரே தட்டில் வைத்ததால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். உயிரைக் காக்கும் விதியை மனம் பதறும்போதும் மீறக் கூடாது. பொருளைக் காக்கும் விதியை உயிர் போகிற நேரத்தில் யாரையும் கேட்காமல் மீறலாம். செக்யூரிட்டியிடம் "என் பொறுப்பு, ரிஜிஸ்டரில் என் பெயரை எழுதிக்கொள்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்திருக்க வேண்டும். வேலை போய்விடுமே என்றால், தொழிலாளர் நடத்தைக்கான மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனம் என்று சொல்லப்படுவது சட்டப்படியானதும் நியாயமானதுமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவது. சாகக் கிடப்பவருக்குக் கருவி எடுக்கப் போகிறவனை மறிப்பதை எந்த நிர்வாகமும் நியாயமான உத்தரவு என்று வாதாடிவிட முடியாது. உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவைப் பலர் இதற்கும் இழுப்பார்கள். அது சாலை விபத்துக்கு மட்டும்தான், இங்கே உதவாது.

எல்லையோரத்துக்கென்று ஒரு விஷயம். உங்கள் பக்கம் கைப்பேசி சில சமயம் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொள்ளும். 108 அடித்தால் தெலுங்கில் எடுப்பார்கள். எடுத்ததும் முதல் வார்த்தையாக "தமிழ்நாடு, திருப்பத்தூர் மாவட்டம், வாணியம்பாடி" என்று சொல்ல வேண்டும். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் தரைவழி எண் சம்ப் சுவரிலேயே பெயின்டில் இருக்கட்டும். இறங்காதே என்ற பலகை தெலுங்கிலும் இந்தியிலும் இல்லாவிட்டால், உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அந்த விதி இல்லை என்றே அர்த்தம்.

கையெழுத்து. 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே சொல்லியிருந்தது: தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்து ஆபத்தான வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவியும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் அணிந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதிய கடிதத்தில் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் இறக்கிப் பார்த்தீர்களா? ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்ததா, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழே இருந்ததா? பார்க்காமல் போட்ட கையெழுத்து என்றால், விதியா மனசாட்சியா என்ற உங்கள் கேள்வி எழுந்த இடம் குழி வாய் அல்ல, காலையில் பேனாவை எடுத்த மேசை. அங்கே விதியும் மனசாட்சியும் ஒன்றையேதான் சொல்லின.

தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்கும்போது மீட்டர் வைத்தீர்களா இல்லையா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். முக்காலியும் பி.ஏ. செட்டும் கேட்டு முன்பே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் கொடுங்கள். எழுதவில்லை என்றால் இன்றைக்கே எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். செட் வந்து சேரும்வரை அந்தச் சம்ப்புக்கு அனுமதிச் சீட்டு எழுதாதீர்கள்.