பழுதான டியூப் லைட்டுகளைக் கொழும்பில் எங்கே போடுவது? வீட்டில் உடைந்தால் ஆபத்தா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைக்காதீர்கள், குப்பைப் பையில் போடாதீர்கள். முழுதாக வைத்திருந்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். வீட்டில் ஒன்று தவறி உடைந்தால் பதற வேண்டாம், ஆனால் தும்புத்தடியை எடுக்க முன் யன்னலைத் திறவுங்கள்.

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் பராமரிப்பு வேலைகளை நான்தான் பார்க்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் படிக்கட்டு, வாகனத் தரிப்பிடம் எல்லாவற்றிலும் இருந்த டியூப்களைக் கழற்றிவிட்டு எல்ஈடி போட்டோம். கழற்றியது அறுபதுக்கு மேல். மீற்றர் அறைச் சுவரில் சாத்தி வைத்திருந்தோம். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், குப்பை எடுக்க வந்த பெரியவர் அவற்றை உரப்பையில் போட்டுக் காலால் மிதித்து உடைத்துக்கொண்டிருந்தார். "உடைச்சாத்தான் சேர் பேக்குல அடங்கும்" என்றார். கை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளைத் தூள். மூக்கை மூட ஒரு துணிகூட இல்லை. அந்தத் தூள் என்னவென்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன், படித்த பிறகு பல நாள் அது மனதை விட்டுப் போகவில்லை.

டியூபுக்குள் இருப்பது பாதரசம், பாடசாலையில் இரசம் என்று படித்தோமே, அதுதான். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வெளிவிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைத் தூள் அதை வெளிச்சமாக மாற்றுகிறது. விளக்கு பழசாகப் பழசாக பாதரசத்தின் பெரும்பகுதி அந்தத் தூளிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் உடைந்த கணத்தோடு விஷயம் முடிவதில்லை, துண்டுகளிலிருந்து வாரக்கணக்கில் ஆவி மெல்ல வந்துகொண்டிருக்கும். நிறமும் மணமும் இல்லாத ஆவி. பாதரசத்தை விழுங்கினால் உடம்பு அதிகம் உறிஞ்சாது, ஆனால் ஆவியாகச் சுவாசித்தால் ஏறத்தாழ 80 வீதம் நுரையீரல் வழியாக உள்ளே போய்விடும். நரம்பையும் சிறுநீரகத்தையும்தான் அது தாக்கும்.

அளவைப் பார்த்தால், சாதாரண சிஎஃப்எல் பல்பு (டியூபையே சிறிதாக வளைத்துச் செய்த பல்பு) ஒன்றில் இருப்பது 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. பழைய தடித்த டியூப்களில் அதைவிடப் பல மடங்கு இருந்தது. காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானியில் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஆகவே வீட்டில் ஒரு பல்பு உடைந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் நாளாந்தம் பல வீடுகளின் டியூப்களை மிதித்து உடைப்பவர் எவ்வளவு சுவாசிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டின் சிறு அளவுகள் எல்லாம் ஒன்று சேர்வது அவருடைய நெஞ்சில்.

அவரைத் தாண்டியும் அது போகிறது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்த பிறகு நகரத்துக் குப்பையில் பெரும்பங்கு கெரவலப்பிட்டிய பக்கம் போகிறது. அங்கே 2021 முதல் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பாதரசம் எரிந்து அழியாது, 357 பாகை செல்சியசில் கொதித்து முழுதாக ஆவியாகிவிடும், வடிகட்டியில் அகப்படாதது காற்றில்தான் கலக்கும். பக்கத்திலேயே முத்துராஜவெல சதுப்பு நிலம். ஒட்சிசன் குறைந்த சேற்றில் வாழும் பக்டீரியாக்கள் பாதரசத்தை மெதைல் பாதரசம் என்ற, உயிர்களின் உடம்பில் சேரும் நச்சு வடிவமாக மாற்றக்கூடியவை. ஜப்பானின் மினமாட்டாவில் மீன் வழியாக மனிதரைத் தாக்கியதும் அதே மெதைல் பாதரசம்தான். பெரிய மீன் சிறிய மீனைத் தின்னத் தின்ன அது கூடிக்கொண்டே போகும். கர்ப்பிணிகள் சுறாவையும் தளபத்தையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? பலர் கண்ணாடிதானே என்று சிவப்பு நிறத் தொட்டியில் போடுகிறார்கள். அது போத்தல்களுக்கு. டியூபை, புதிய விளக்கு வந்த மட்டைப் பெட்டியிலேயே போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். அபாயகரமான கழிவைச் சேகரிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. யாரிடம் அது இருக்கிறதென்று பத்தரமுல்ல அலுவலகத்தில் கேட்கலாம். விளக்குகளை மூடிய அறையில் நொறுக்கி, தூளைச் சூடாக்கி, வரும் பாதரச ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப எடுப்பதுதான் சரியான முறை. நாலைந்து விளக்குக்காக ஒருவரை வரச் சொல்வது கடினம், அதனால் மாடியில் உள்ள எல்லோரும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

உடைந்துவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, யன்னலைத் திறந்து, பத்துப் பதினைந்து நிமிடம் அறையை விட்டு விலகி நில்லுங்கள். பிறகு கையுறை போட்டு, தடித்த மட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சத் தூளை செலோடேப்பாலும் ஈரக் கடதாசியாலும் ஒற்றி எடுத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள ஜாம் போத்தலில் போட்டு வெளியே வையுங்கள். கூட்டினாலோ வெக்கியூம் போட்டாலோ தூள் அறை முழுக்கப் பரவும். சிங்கில் கழுவவும் வேண்டாம்.

இதை இப்போதே எழுதக் காரணம் இருக்கிறது. பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் 2017 முதல் ஒரு தரப்பு. அதன்படி சிஎஃப்எல் பல்புகளின் உற்பத்தியும் இறக்குமதியும் 2025 உடனும், நீளக் குழல்களினது 2027 உடனும் நிற்க வேண்டும். அதாவது அலுவலகங்களும் பாடசாலைகளும் எங்களைப் போலவே மொத்தமாகக் கழற்றப் போகும் காலம் இது. நீங்களும் எல்ஈடிக்கு மாறுகிறீர்கள் என்றால், மின்வினைஞரைக் கூப்பிடும் அன்றே பழைய டியூப்களை யார் எடுப்பார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

எங்கள் மீற்றர் அறையில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது, அதன் மேல் மூன்று மொழியிலும் "உடைக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறோம். அந்தப் பெரியவருக்குக் காரணத்தை நானே சொன்னேன். "இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லலையே சேர்" என்று மட்டும் கேட்டார்.