பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாமா? – கடிதமும் பதிலும்

ஸ்தோத்திரம் அக்கா,

உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் அதே எண்ணம். நாங்கள் பொறையாறு, லுத்தரன் சபைக் குடும்பம். மகள் ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மகனுக்கு ஆறு. அவர்கள் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். காலை ஏழரைக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருகிறார்கள். வீட்டுப்பாடம் எழுதும்போதே சின்னவன் நோட்டின் மேல் தூங்கிவிடுகிறான். குடும்ப ஜெபம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றாகிவிட்டது. அதைவிடப் பெரிய பயம், கூடப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து இவர்கள் கற்றுக்கொண்டு வரும் பேச்சும் பழக்கமும். பெற்றோர்தான் பிள்ளைகளுக்குப் போதிக்க வேண்டும் என்று உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் இருக்கிறதே? சபையில் இன்னும் இரண்டு குடும்பம் ஆசைப்படுகிறது. அந்தப் பிள்ளைகளையும் என் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாமா? சட்டச் சிக்கல் வருமா? மாமியார், "பொண்ண வீட்ல உக்கார வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வேண்டாம்,
பொறையாறு

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளைகளோடு இருக்க நேரம் இல்லை என்பது. இன்னொன்று, மற்றப் பிள்ளைகளைப் பற்றிய பயம். முதல் காரணத்தை நான் முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவதை ஏற்க முடியவில்லை. எதை மனதில் வைத்துத் தொடங்குகிறீர்களோ, வீடு அந்த மாதிரிதான் அமையும் என்பதால் இரண்டைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நேரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் காலை ஜெபம் முடிந்ததும் அதே பாயில் பாடம் தொடங்கிவிடும். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்புறம் ஸ்லேட்டு. மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே சங்கீதத்தில்தான். நிறுத்தி, திக்கி, திரும்ப ஆரம்பித்து ஒரு வசனத்தை முடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். யாருக்கும் அவசரமில்லை, வேன் வரப்போவதில்லை. பள்ளி வாத்தியார் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்காக அப்படிக் காத்திருக்க முடியாது. அது அவர் குறையும் இல்லை.

ஒரு தை மாதம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது ரூத்தின் கதை படித்தோம். அறுக்கிறவர்கள் பின்னால் போய்ச் சிந்திய கதிரை அவள் பொறுக்கும் இடம் வந்ததும் மகன், "அறுப்பு மெஷின் வந்துட்டா ரூத் என்ன பண்ணுவா?" என்று கேட்டான். அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது. எங்கள் ஊரில் முன்பு கதிர் பொறுக்கியவர்கள் யார், இப்போது அவர்களுக்கு என்ன வேலை கிடைக்கிறது, திருப்பூருக்கு யார் யார் போனார்கள் என்று மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தோம். உபாகமம் சொல்வது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். உட்காரும்போதும் நடக்கும்போதும் பேசு என்கிறது அந்த அதிகாரம். பள்ளிக்கு அனுப்பாதே என்று அதில் எங்கும் இல்லை. பள்ளிக்குப் போகிற பிள்ளையோடும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அப்படிப் பேசலாம், பேச வேண்டும்.

கணக்குக்கு நம் டெல்டாவை விட நல்ல இடம் எது? நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வரப்பில் நடந்தபடி இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சுமார் மூன்று மா ஒரு ஏக்கர் என்றால் ஒரு வேலி எத்தனை ஏக்கர் என்று கேட்டுப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு சிப்பம் 40 கிலோ, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சதவீதம் என்றால் என்ன என்பதை என் மகள் அந்தக் களத்தில், ஈரம் கூடிப்போய் நெல்லைத் திரும்பக் காயப்போட்ட ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றுதான் புரிந்துகொண்டாள். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், கல்லணைக்கு எப்போது வரும், உங்கள் பொறையாறு மாதிரிக் கடைமடைக்கு எப்போது வரும் என்று ஒரு வரைபடம் போட்டுத் தேதி குறிக்கச் சொல்லுங்கள். புவியியல், கணக்கு, பொறுமை எல்லாம் அதில் வந்துவிடும்.

சரி, கஷ்டத்துக்கு வருகிறேன். பேச ஆளில்லாமல் தாய்மார்கள் மனதிலேயே வைத்துக்கொள்கிற விஷயம் இது. கணக்கில் தப்புப் போட்டதற்குத் திட்டுகிறவளும் அம்மா, கால்மணி நேரம் கழித்துச் சோறு போடுகிறவளும் அம்மா. பள்ளியில் வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பிள்ளைக்கு அழுவதற்கு ஒரு மடி இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அந்த மடியும் திட்டுகிற வாயும் ஒன்றாகிப் போகிறது. எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் அப்படி ஆகிவிடும் போலத் தெரிந்ததும், அதைத் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் விட்டுவிட்டோம். நெற்றி நிறைய விபூதியோடு திண்ணையில் உட்கார்ந்து அவர்தான் என் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தார். எல்லாப் பாடத்தையும் அம்மாதான் எடுக்க வேண்டும் என்று கர்த்தரும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை.

உங்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. அவர் வெளிநாட்டில். காய்ச்சல் வந்தாலும், மின்வாரியத்துக்குப் போக வேண்டியிருந்தாலும், உறவில் ஒரு துக்கம் என்றாலும் பாடம் நின்றுபோகும். நிற்கட்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைக்குக் காலையில் இரண்டரை மணி நேரம் கவனமாக உட்கார்ந்தால் போதும் என்பது என் அனுபவம். பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், இரண்டு பேரும் களைத்துப் போவீர்கள். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் வாரம் ஒரு பாடத்தை அவரிடம் விடுங்கள். வீடியோ அழைப்பில் ஒரு கதை வாசித்துக் காட்டட்டும், அல்லது அவர் இருக்கும் நாட்டைப் பற்றிச் சொல்லட்டும். பிள்ளைகளை விட அவருக்கு அது அதிகம் தேவைப்படலாம்.

பிள்ளைகளுக்கு வரும் கஷ்டம் வேறு மாதிரி. கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "எந்த ஸ்கூல்?" என்பதுதான். என் மகன் அந்தக் கேள்வி வந்தால் என் சேலையைப் பிடித்துக்கொள்வான். கபடிக்கு ஆள் சேராது. மகள் பத்து வயதுக்குப் பிறகு தன் வயதுப் பெண்களோடு ரகசியம் பேச ஏங்கினாள். அந்த ஏக்கம் நியாயமானது. அம்மாவால் அதைத் தீர்க்க முடியாது.

இங்கேதான் உங்கள் பயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நீங்கள் இருப்பது தரங்கம்பாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில். 1706-இல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்றது எப்படி என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். ஊர் வாத்தியாரைத் தம் வீட்டில் வந்து பள்ளி நடத்தச் சொல்லி, அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அந்த வாத்தியாரும் பிள்ளைகளும் கிறிஸ்தவர்கள் இல்லை. அடுத்த ஆண்டே அவர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு அச்சகம் வந்தது, 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. தஞ்சாவூரில் மிஷனரியாக இருந்த ஸ்வார்ட்ஸ் ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசராக இருந்த சரபோஜி அவரிடம் வைத்திருந்த பாசம் ஊரறிந்தது. அந்த மன்னர் கடைசி வரை தம் மதத்திலேயே இருந்தார், ஸ்வார்ட்ஸ் ஐயரும் கடைசி வரை அவரை நேசித்தார். காவிரிக் கரையில் நம் விசுவாசம் வேர் பிடித்தது மற்றவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து படித்ததால். அந்த வேரிலிருந்து வந்த நாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சகவாசத்தால் நம் பிள்ளை கெட்டுவிடும் என்று கதவைச் சாத்தினால் அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கெட்ட வார்த்தை வரும், எனக்கும் தெரியும். சபைப் பிள்ளைகளிடமிருந்தும் வரும், மாமா மகனிடமிருந்தும் வரும், கையில் இருக்கும் போனிலிருந்து இன்னும் அதிகமாக வரும். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து "அம்மா, இப்படின்னா என்ன?" என்று பயமில்லாமல் கேட்கிற பிள்ளையை வளர்க்கத்தான் நமக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காக வீட்டில் வையுங்கள். சாயங்காலம் தெருவில் எல்லாரோடும் விளையாட விடுங்கள்.

இனி சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் பத்தாம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனிப் பதிவோ அனுமதியோ அதில் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்துப் பள்ளிக்குக் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான். உட்கார வைத்துக் காபி கொடுத்து, பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டுங்கள்.

மற்ற இரண்டு குடும்பத்தின் பிள்ளைகளை உங்கள் வீட்டில் சேர்ப்பது வேண்டாம். தினமும் நேரம் குறித்து, பல வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தினால் அதை அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று சொல்ல இடமுண்டு. அப்படி நடத்துவதற்கு அதே சட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் வீடு. வாரம் ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து கடற்கரைக்கோ, மார்கழியில் பறவை பார்க்கக் கோடியக்கரைக்கோ போய் வாருங்கள்.

பாடத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களையே வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விப் புத்தகங்களைச் சிலர் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதில் இருக்கும் பனியும் ஆப்பிள் தோட்டமும் நம் பிள்ளைக்கு எதற்கு? தவிரவும், பிள்ளை திரும்பப் பள்ளிக்குப் போகும்போது வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வகுப்பின் பாடம் தெரிந்திருந்தால் அவளுக்குத் தடுமாற்றம் இருக்காது. பள்ளிக்கே அனுப்பாமல் தொடர்வதென்றால் பன்னிரண்டரை வயது முடிந்ததும் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், பதினாலு வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம்.

ஆனால் உங்கள் மகள் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைப்பதும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த கணக்குதான். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் பிறகு அதை விரிவாக்கினார்கள். இந்த வாசல்கள் ஆறாம் வகுப்பில் திறக்கின்றன. நாங்கள் ஐந்தாவதோடு நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம், மகளின் அந்தத் தோழிகளுக்கான ஏக்கம் இன்னொரு காரணம். நாலாவதும் ஐந்தாவதும் வீட்டில், ஆறாவதிலிருந்து பக்கத்து அரசுப் பள்ளி என்று திட்டமிடுங்கள் என்பதே என் யோசனை. இப்போதைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் கேட்டதில் தவறில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை பெண்கள் படிக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இருந்தும் உங்கள் மாமியார் தலைமுறையில் பெண்ணை வீட்டில் உட்கார வைத்தார்கள் என்றால் அவள் படிப்பு முடிந்தது என்றுதான் அர்த்தம். அவருக்கே அப்படி நடந்திருக்கவும் கூடும், கேட்டுப் பாருங்கள். வாதம் செய்து அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டாம். தினமும் சாயங்காலம் பேத்தி அவருக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும், பேரன் கடைக் கணக்கை அவரிடம் ஒப்பிக்கட்டும். கீர்த்தனைகளின் மெட்டு அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அந்தப் பாடத்தை அவரிடமே கொடுங்கள். ஜூனில் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை பாருங்கள். அப்போதும் அவர் "இது சரிப்படலம்மா" என்றால் அது வேறு யார் சொல்வதையும் விட மதிக்க வேண்டிய பேச்சு. பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

அன்புடன்,
அக்கா