அம்மாவைத் தேடும் மனைவிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: எனக்கு 72 வயது, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு அல்சைமர் நோய் என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பொழுது சாய்ந்தால், "அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க, வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுகிறாள். அவளுடைய தாயார் இறந்து 20 ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சொன்னால், அன்றுதான் சாவுச் செய்தி வந்ததுபோல் அழுகிறாள். போன வாரம் பொறுமை இழந்து கையை ஓங்கிவிட்டேன். கோவையில் இருக்கும் மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. பொய் சொல்லிச் சமாளிப்பது தவறா?
- வாசகர், திருவாரூர்

பதில்: அன்புள்ள ஐயா,

தவறில்லை. அந்தச் சாவுச் செய்தியை இனி அவருக்குச் சொல்லவே வேண்டாம். இந்த நோய் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதியைத்தான் பெரும்பாலும் முதலில் தாக்குகிறது. அதனால் நேற்று நடந்தது அழிந்துபோக, சிறுவயது வீடும் அம்மாவும் கண்முன் நிற்கிறார்கள். நீங்கள் சொன்ன செய்தி சில நிமிடங்களில் மறந்துவிடும், ஆனால் அது கிளப்பிய துக்கம், காரணம் தெரியாமலேயே, அதன் பிறகும் அவர் மனத்தில் தங்கியிருக்கும்.

பொய்யைத் தேடி அலையவும் தேவையில்லை. "அம்மா ஞாபகம் வந்துவிட்டதா? அவங்க வைக்கிற குழம்பு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்பது பெரும்பாலும் பயத்தின் மொழி. அவருக்கு வேண்டியது முகவரி அல்ல, பக்கத்தில் ஒரு துணை. மாலையில் இந்தத் தவிப்பு கூடுவது இந்நோயில் வழக்கம் என்பதால், இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிட்டு, அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். என் பெரியம்மா பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும், மல்லிகையையும் நாரையும் மடியில் வைத்தால் இரண்டிரண்டாக எடுத்து வைத்து, இடைவெளி பிசகாமல் முழம் முழமாகக் கட்டிக்கொண்டே இருப்பார். கை பழகிய வேலை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

வாசற்கதவுக்கு அவர் பார்வை படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். உங்கள் கைப்பேசி எண் எழுதிய அட்டை எப்போதும் அவரிடம் இருக்கட்டும். சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிடுங்கள். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரையோகூடக் காரணமாக இருக்கலாம், அவற்றைச் சரிசெய்ய முடியும்.

கை ஓங்கியதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இரவும் பகலும் மாற்று ஆள் இல்லாமல் ஒருவரே பார்த்துக்கொண்டால், எவ்வளவு அன்பானவருக்கும் ஒருநாள் அந்த எல்லை வரும், ஐயா. அடுத்த முறை கோபம் ஏறும்போது, அவர் பத்திரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஆனால் அது அந்த நேரத்துக்கு மட்டுமே உதவும். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் அவரைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெளியே போய் வரவேண்டும். முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்து, உங்கள் பகுதியில் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரியுங்கள். சென்னைக்குப் போக முடிந்தால், கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பு, இந்த ஞாயிற்றுக்கிழமையே மகனை அழைத்துப் பேசுங்கள். "அம்மா நன்றாக இருக்கிறாள்" என்று வழக்கம்போல் முடித்துவிடாமல், கை ஓங்கியது உட்பட எனக்கு எழுதிய அத்தனையையும் அவரிடம் சொல்லி, மாதத்தில் எந்த நாட்களில் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார் என்று தேதி கேட்டு வாங்குங்கள்.