ஒரு பொருளால் காயம்பட்டவர் தயாரிப்பாளரின் அலட்சியத்தை நிரூபித்தே ஆக வேண்டுமா?

பொருளைத் தயாரித்தவர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலட்சியத்தை அடிப்படையாக வைத்து வழக்குத் தொடுத்தால், ஆம், நிரூபித்தே ஆக வேண்டும். பொருள் பொறுப்பு என்ற தனி அடிப்படையை ஏற்றுக்கொண்ட நாடுகளில் அது தேவையில்லை. பொருளில் குறைபாடு இருந்தது, அந்தக் குறைபாட்டால்தான் தீங்கு நேர்ந்தது என்று காட்டினால் போதும். முதல் வகை வழக்கில் தயாரிப்பாளர் எப்படி நடந்துகொண்டார் என்று நீதிமன்றம் பார்க்கிறது. இரண்டாம் வகையில் பொருள் எப்படி இருந்தது என்று பார்க்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு பெறுவதைப் பற்றிய தீங்கியல் சட்டத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பல வழக்குகளின் முடிவே இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுக்கும் உரிமையே நெடுங்காலம் இருக்கவில்லை. 1842-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான விண்டர்பாட்டம் எதிர் ரைட் வழக்கில், பழுதான தபால் வண்டியால் ஊனமுற்ற ஓட்டுநருக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. வண்டியைப் பராமரிக்கும் ஒப்பந்தம் தபால் துறைத் தலைவரோடு செய்யப்பட்டதே தவிர அந்த ஓட்டுநரோடு அல்ல என்பதே காரணம். இந்தத் தடையை 1916-இல் நியூயார்க் மாநிலத்தில் நீதிபதி கார்டோசோ, மரச் சக்கரம் நொறுங்கிய ப்யூக் கார் வழக்கில் தகர்த்தார். சக்கரத்தைச் செய்தது வேறொரு நிறுவனம்தான் என்றாலும், சோதித்திருந்தால் பழுது தெரிந்திருக்கும் என்பதால் கார் தயாரிப்பாளரே பொறுப்பு என்றார். 1932-இல் அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபையும் டொனாஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் இதே முடிவுக்கு வந்தது. உடன் வந்த நண்பர் வாங்கிக் கொடுத்த இஞ்சி பானத்தில் அழுகிய நத்தை கிடந்தது என்பது வாதியின் புகார். பாட்டிலின் கண்ணாடி உள்ளிருப்பதைக் காட்டாது என்பதால், குடிப்பதற்கு முன் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கடைசி நுகர்வோர் வரை தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று ஐவரில் மூவர் தீர்ப்பளித்தனர். நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது விசாரணைக்கே வரவில்லை; வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அலட்சியச் சட்டத்தின் மூல வழக்கிலேயே அலட்சியம் நிரூபிக்கப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் வாதிகள் தோற்பது பெரும்பாலும் அந்த நிரூபணத்தில்தான்.

எந்தச் சோதனை தவிர்க்கப்பட்டது, எந்த எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது என்பதற்கான ஆவணங்கள் எல்லாம் எதிர்த்தரப்பிடம் இருக்கும்போது, மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர் தொழிற்சாலைக்குள் நடந்ததை எப்படிக் காட்டுவார்? நிகழ்வே அலட்சியத்தைச் சுட்டுகிறது என்று ஊகிக்க இடம் தரும் விதி ஒன்று உண்டு. 1944-இல் கலிபோர்னியாவில், கையில் வெடித்த கோகோ கோலா பாட்டிலால் காயமுற்ற பரிசாரகி அந்த விதியின் துணையால்தான் வென்றார். ஆனால் அதே வழக்கில் தனிக் கருத்து எழுதிய நீதிபதி டிரெய்னர், இப்படிச் சுற்றி வளைப்பதைவிட, அலட்சியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைபாடுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று நேராகச் சொல்லிவிடலாம் என்றார். இழப்பு ஒரு தனிமனிதரை நிலைகுலையச் செய்துவிடும், தயாரிப்பாளரோ அதைக் காப்பீட்டின் மூலமும் விலையின் மூலமும் பலரிடையே பகிர்ந்துவிட முடியும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. 1963-இல் மரவேலை இயந்திரத்திலிருந்து தெறித்த கட்டை ஒருவரின் நெற்றியைத் தாக்கிய கிரீன்மன் வழக்கில், டிரெய்னர் எழுதிய தீர்ப்பு இதையே சட்டமாக்கியது.

இதனால் தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் பொறுப்பாகிவிடுவதில்லை. கத்தி வெட்டும் என்பது குறைபாடு அல்ல. ஆயிரம் பொருள்களில் ஒன்று மட்டும் பிசகி வந்தால், அதைத் தயாரிப்பாளரின் சொந்த வரைபடத்தோடு ஒப்பிட்டே குறைபாட்டைக் காட்டிவிடலாம். வடிவமைப்பே ஆபத்தானது என்றோ எச்சரிக்கை போதவில்லை என்றோ வாதிடும்போது ஒப்பிட அப்படி எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே அமெரிக்க நீதிமன்றங்கள் பலவும் பாதுகாப்பான மாற்று வடிவமைப்பு சாத்தியமாக இருந்ததா, ஆபத்தை முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா என்று கேட்கின்றன. அலட்சிய வழக்கில் கேட்கப்படும் கேள்விகளும் ஏறத்தாழ இவைதான். இந்த வகை வழக்குகளில் நிபுணர் சாட்சியம் இல்லாமல் முன்னேறுவது கடினம் என்பதை வாதி தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 1985-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டிய பொது விதி), மக்கள் எதிர்பார்க்க உரிமையுள்ள பாதுகாப்பு பொருளில் இல்லாவிட்டால் அது குறைபாடு என்று வரையறுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மென்பொருளையும் பொருளாகக் கொள்கிறது. தொழில்நுட்பச் சிக்கலால் நிரூபிப்பது மிகக் கடினமானால், உரிய நிபந்தனைகளோடு குறைபாட்டை ஊகித்துக்கொள்ளவும் நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. நான் இதை மனமார வரவேற்கிறேன்.

வழக்கு நடத்தும் எண்ணம் இருப்பவர், உடைந்த பொருளைப் பழுதுபார்க்கவோ திருப்பிக் கொடுக்கவோ வேண்டாம். பொருளின் நிலையே வழக்கின் மையம் என்பதால், துண்டுகள், பெட்டி, கையேடு, ரசீது அனைத்தையும் அப்படியே வைத்திருங்கள். காலவரம்பை உடனே ஒரு வழக்கறிஞரிடம் விசாரியுங்கள்: 1985-ஆம் ஆண்டு ஐரோப்பிய விதியின்படி, தீங்கையும் குறைபாட்டையும் தயாரிப்பாளரையும் அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்; பொருள் புழக்கத்துக்கு வந்து 10 ஆண்டுகள் கடந்துவிட்டால், அதற்குள் வழக்குத் தொடுக்காதவரின் உரிமையே அற்றுப்போகும்.