எண்ணெய் வழியும் முகமும் கல்யாண ஒப்பனையும்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 26 வயது. ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். இன்னும் 10 வாரங்களில் எனக்குத் திருமணம். மணப்பெண் அலங்காரத்துக்கு டவுனில் கேட்கும் தொகை எங்கள் வீட்டு வசதிக்கு அதிகம் என்பதால், நானே ஒப்பனை செய்துகொள்ளத் தீர்மானித்துள்ளேன். காலையில் முகம் கழுவினால் 10 மணிக்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சவர்க்காரம் போடுகிறேன். வாரத்தில் இரண்டு நாட்கள் தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடா கலந்து பூசுகிறேன். தோழி கொடுத்த, பெயர் எதுவும் ஒட்டப்படாத ஒரு வெள்ளைக் கிறீமை மூன்று வாரங்களாக இரவில் பூசி வருகிறேன். முகம் வெளுத்திருக்கிறது, ஆனால் வெயில் பட்டால் எரிகிறது. முகூர்த்தம் காலை 6 மணிக்கு. மண்டபத்தில் பிற்பகல் வரை ஒப்பனை கலையாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஒப்பனையை நீங்களே செய்துகொள்ளலாம். உங்கள் முகத்தில் எந்த நேரத்தில் எந்த இடத்தில் எண்ணெய் கசியும், எது பட்டால் எரியும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. அத்துடன் உங்கள் கையில் 10 வாரங்கள் இருக்கின்றன. கல்யாணத்துக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது சிவந்து வீங்கிய முகத்துடன் ஓடிவரும் மணப்பெண்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிற எனக்கு, இவ்வளவு முன்கூட்டியே வந்த உங்கள் கடிதம் பெரும் ஆறுதலைத் தந்தது. எனினும் ஒப்பனைக்குப் போவதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த வெள்ளைக் கிறீமைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். உங்கள் கல்யாண நாளன்று முகம் எப்படி இருக்கும் என்பதை எண்ணெயைவிட அதுவே அதிகமாகத் தீர்மானிக்கக்கூடும்.

தயாரித்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாமல் விற்கப்படும் வெளுப்பூட்டும் கிறீம்களில் இரண்டு பொருட்களைக் குறித்து நாங்கள் அஞ்சுகிறோம். ஒன்று பாதரசம். அது தோலின் நிறமியான மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கிறது. ஆனால் அதே பாதரசம் தோலின் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகங்களைப் பாதிக்கிறது. பாதரசத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 2013ஆம் ஆண்டின் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களைத் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலில் வைத்திருப்பது இதனால்தான். மற்றையது ஸ்டீரொயிட். க்ளோபெட்டசோல், பெட்டாமெதசோன் போன்ற இந்த மருந்துகள் சில தோல் நோய்களுக்கு வைத்தியர்கள் அளவோடு எழுதிக் கொடுப்பவை. முகத்தில் நாள்தோறும் பூசினால் முதல் சில வாரங்களுக்கு நிறம் தெளியும், பருக்கள்கூட அடங்கும். அதைக் கண்டு மகிழ்ந்து தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும்; வெயில் தாங்காது; ஒரே அளவிலான சிவந்த பருக்கள் கூட்டமாகக் கிளம்பும்; மெல்லிய முடியும் வளரலாம். உங்கள் முகம் வெயிலில் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கவலையைத் தருகிறது.

ஆகவே அந்தக் கிறீமை இன்றிரவே நிறுத்துங்கள். அதில் ஸ்டீரொயிட் இருந்திருந்தால், நிறுத்திய சில நாட்களில் முகம் சிவந்து எரியக்கூடும், பருக்களும் வரக்கூடும். அப்போது பயந்து அதே கிறீமை மீண்டும் எடுப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. அப்படி எடுத்தால் அந்தச் சுழலிலிருந்து வெளியேற மாதங்கள் ஆகும். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் சென்று, தோல் சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. போகும்போது அந்த டப்பாவை எறிந்துவிடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு நாள் சம்பளமும் பஸ் பயணமும் போகிறதே என்று தயங்க வேண்டாம்.

இனி எண்ணெய்க்கு வருவோம். முகத்தில், குறிப்பாக நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களில், எண்ணெய்ச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அவை எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையும் அன்ட்ரொஜன் என்னும் ஹோர்மோன்களும் தீர்மானிக்கின்றன. சவர்க்காரத்துக்கு அதில் பங்கு இல்லை. நீங்கள் ஆறு தடவை கழுவினாலும் மேலே கிடக்கும் எண்ணெய் போகுமே தவிர, உள்ளே சுரப்பி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சவர்க்காரம், தோலின் செல்களுக்கு இடையில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கொழுப்பையும் சேர்த்தே கரைத்துக்கொண்டு போகிறது. நமது மலைக்காற்றும் குளிரும் மீதி ஈரத்தை எடுத்துவிடுகின்றன. அதனால்தான் கழுவிய உடனே முகம் இழுத்துப் பிடிப்பதும், இரண்டு மணி நேரத்தில் அதே முகம் பளபளப்பதும் ஒருங்கே நடக்கின்றன. இத்தகைய தோலின் மேல் பூசும் பவுண்டேஷன், வறண்ட இடத்தில் செதிலாக உரிந்தும் எண்ணெய் உள்ள இடத்தில் திட்டுத் திட்டாகப் பிரிந்தும் நிற்கும்.

தேசிக்காயையும் அப்பச்சோடாவையும் தயவுசெய்து சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். தோலின் இயல்பான அமிலத்தன்மை ஏறத்தாழ pH என்ற அளவையில் 5ஐ ஒட்டியது. தேசிக்காய்ச் சாறு அதைவிடப் பல மடங்கு அமிலம், அப்பச்சோடாவோ காரம். இவற்றைவிட மோசமானது, தேசிக்காயில் உள்ள சில வேதிப்பொருட்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கருந்திட்டுகளை உண்டாக்குவது; அந்தத் திட்டுகள் மறைய மாதக்கணக்கில் ஆகலாம். மலையில் வெயில் குறைவு என்று நாம் நினைக்கிறோம். குளிர் இருப்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, மெல்லிய மூடுபனி அதை முழுதாகத் தடுப்பதுமில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது.

முதல் இரண்டு வாரங்களுக்கு உங்கள் முகத்துக்கு ஓய்வுதான் மருந்து. காலையிலும் இரவிலும் மட்டும், நுரை அதிகம் வராத மென்மையான முகக் கழுவியால், கொதிக்கும் வெந்நீர் அல்லாமல் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். அதன் பின் எண்ணெய் சேராத, ஜெல் போன்ற ஈரப்பதக் கிறீமை மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு ஈரப்பதக் கிறீம் எதற்கு என்று உங்கள் அம்மா கேட்பார். எண்ணெயும் நீரும் வேறு வேறு என்பதையும், உங்கள் தோல் இழந்திருப்பது நீரை என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். பகலில் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிறீன் அவசியம். இடையில் எண்ணெய் கசிந்தால் கழுவ வேண்டாம். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

எரிவு அடங்கிய பிறகு, வைத்தியரும் சம்மதித்தால், நியாசினமைட் 4 அல்லது 5 சதவீதம் உள்ள ஒரு லோஷனை இரவில் தொடங்கலாம். எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் குறைக்கும், தோலை அதிகம் உறுத்தாது. மூக்கிலும் நாடியிலும் கரும்புள்ளிகள் இருந்தால், 2 சதவீதத்துக்கு மேற்படாத சாலிசிலிக் அமிலம் கலந்த முகக் கழுவியை வாரத்தில் இரண்டு இரவுகள் பயன்படுத்தலாம். பரு மருந்தான பென்சோயில் பெரொக்சைட் பூச நேர்ந்தால் அது துணியின் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதை நினைவில் வையுங்கள். கூறைச்சேலைக்கு அருகில்கூட அதைக் கொண்டுபோகக் கூடாது. பருக்களுக்கான அடபலீன் களிம்பை இந்த நிலையில் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: முதல் வாரங்களில் அது தோலை உரிய வைக்கும், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ள காலத்தில் அதைத் தவிர்ப்பதே முறை. பருக்களுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை யாராவது தந்தால் தொடவே வேண்டாம். அது வயிற்றிலுள்ள குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் மருந்து. திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒரு பெண் அதைத் தானாக எடுப்பது ஆபத்தானது. மாதவிடாய் தவறித் தவறி வருகிறது, நாடியில் தடித்த முடி வளர்கிறது என்றால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எண்ணெய்க்கான காரணம் சூலகத்தில் இருக்கலாம்.

கடைசி மூன்று வாரங்களில், கையில் சோதித்துப் பார்த்த ஒப்பனைப் பொருட்களைத் தவிர, புதிதாக எதையும் முகத்தில் பூசாதீர்கள். ஃபேஷியல், ப்ளீச் இரண்டும் வேண்டாம். புருவத்துக்கு நூல் போடுவதை மூன்று நாட்களுக்கு முன் முடித்துவிடுங்கள். நலங்குக்கு வைக்கும் மஞ்சளால் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. அன்றே மென்மையாகக் கழுவுங்கள், மஞ்சள் போகவில்லையே என்று தேய்க்காதீர்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழிந்து ஊறினால் மயிர்க்கோட்டை ஒட்டிப் பருக்கள் வரும் என்பதால், அதை அன்று மாலையே அலசிவிடுவது நல்லது. அப்படியும் கல்யாணத்துக்கு முந்தின சில நாட்களில் வலியுடன் ஒரு பெரிய கட்டி கிளம்பினால் அதைப் பிதுக்காமல் வைத்தியரிடம் போங்கள். அந்தக் கட்டிக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தி ஓரிரு நாட்களில் வற்றச் செய்ய முடியும்.

ஒப்பனைப் பொருட்களை ஒரு மாதம் முன்பே வாங்கி, ஒவ்வொன்றையும் முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாள்தோறும் இரண்டு தடவை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது எவ்வளவு விலைகொடுத்து வாங்கியதாயினும் ஒதுக்கிவிடுங்கள். ஒட்டும் பொட்டையும் குங்குமத்தையும் இந்தச் சோதனையிலிருந்து விட்டுவிடாதீர்கள். பொட்டின் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருள் சிலருக்கு நெற்றியில் வெண்திட்டையே உண்டாக்குகிறது. குங்குமத்தின் சாயமும் ஒவ்வாமை தரக்கூடியது. பவுண்டேஷனின் நிறத்தைக் கடையின் மின்விளக்கில் தேர்ந்தெடுக்காமல், தாடையோரம் சிறிது பூசிக்கொண்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய்த் தோலில் ஒரு மணி நேரத்துக்குப் பின் அது சற்றுக் கருமையடையலாம். ஆகவே அவ்வளவு நேரம் காத்திருந்து முடிவு செய்யுங்கள். உங்கள் நிறத்தைவிட வெளுத்ததை வாங்காதீர்கள். உங்கள் நிறமே அழகானது, கழுத்தும் கைகளும் அதே நிறத்தில்தான் இருக்கப் போகின்றன.

முகூர்த்தம் 6 மணிக்கு என்றால் நீங்கள் 4 மணிக்காவது கண்ணாடிக்கு முன் அமர வேண்டியிருக்கும். இதில் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அந்த நேரத்துக் குளிரில் தோல் சுருங்கி, எண்ணெயே இல்லாததுபோல் தோன்றும். அதை நம்பி நிறையப் பூசிவிட்டால், மண்டபத்தில் விளக்குகளும் ஓமத் தீயும் ஆட்கூட்டமும் சேர்ந்து சூடேற்றும்போது அடியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பூச்சு முழுவதையும் நகர்த்திவிடும். எனவே அந்த அதிகாலை முகத்துக்கு அல்ல, ஓமத் தீக்கு முன் அமர்ந்திருக்கும் முகத்துக்கே ஒப்பனை செய்யுங்கள்.

வெந்நீரில் குளித்தால் முகத்தின் சிவப்பு அடங்க இருபது நிமிடம் பொறுங்கள். ஈரப்பதக் கிறீம், பின் சன்ஸ்கிறீன். அது படிய ஒரு பத்து நிமிடம். பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரை நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களில் மட்டும் பூசினால் போதும். பிரைமர் சிலிக்கோன் வகையாக இருந்தால் பவுண்டேஷனும் அதே வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டாமல் திரண்டு வரும். உள்ளடக்கப் பட்டியலின் தொடக்கத்தில் டைமெதிகோன் என்று இருந்தால் அது பெரும்பாலும் சிலிக்கோன் வகை. பவுண்டேஷனை மிக மெல்லியதாக, கழுவிக் காயவைத்த ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். மூக்கில் இன்னும் குறைவாக. தழும்புகள் உள்ள இடத்தில் மட்டும் கன்சீலரைப் புள்ளியாக வையுங்கள். பவுடரைத் தேய்க்காமல், பஃப்பால் அழுத்தி எடுங்கள். கன்னங்களுக்கு அது அதிகம் தேவையில்லை. ஓமப் புகையில் கண் கலங்கும் என்பதால் நீரில் கரையாத மஸ்காராவே ஏற்றது. கண் மையை இமையின் உள்விளிம்பில் தீட்டினால் அங்குள்ள சிறு சுரப்பிகள் அடைபடலாம். மை, மஸ்காரா இரண்டையும் யாருடனும் பகிராதீர்கள்.

மணவறையில் உங்கள் அக்காவோ தோழியோ அருகில் இருந்து டிஷ்யூ நீட்டட்டும். எண்ணெயை ஒற்றி எடுத்த பின்பே பவுடர். எண்ணெயின் மேல் பவுடர் போட்டால் அது களியாகிவிடும்.

இவை அனைத்தையும் கல்யாணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். அதே அதிகாலை 4 மணிக்கு எழுந்து, முழு ஒப்பனையும் செய்துகொண்டு, அடுப்படியில் எரியும் விறகடுப்புக்கு அருகில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு கைத்தொலைபேசியின் ஃப்ளாஷைப் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சில சன்ஸ்கிறீன்களும் சிலிக்கா கலந்த பவுடர்களும் ஃப்ளாஷ் ஒளியில் முகத்தைச் சாம்பல் பூசியதுபோல் காட்டும். கண்ணாடியில் அது தெரியாது. நண்பகலில் மீண்டும் ஒரு படம் எடுத்து, எந்த இடம் முதலில் கலைந்தது என்று பார்த்து அங்கே இன்னும் குறைவாகப் பூசுங்கள்.

கல்யாணத்தன்று இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒப்பனையுடன் உறங்க வேண்டாம். ஒப்பனையைக் கலைக்கும் மைசெலர் நீரில் பஞ்சை நனைத்து, கண்களின் மேல் சில நொடிகள் வைத்திருந்து மெதுவாகத் துடைத்தெடுத்து, பின் உங்கள் வழக்கமான முகக் கழுவியால் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயால் துடைப்பது உங்கள் தோலுக்கு ஒத்துவராது. மறுவீட்டுக்குப் போகும் நாட்களிலும் சன்ஸ்கிறீனை விடாதீர்கள். வைத்தியரைச் சந்தித்த பின் அந்தக் கிறீமைக் குறித்து அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதைக் கொடுத்த உங்கள் தோழியும் பூசிக்கொண்டிருந்தால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.