ஹெல்மெட் போடாதவரின் உயிருக்குப் பாதி விலையா?

கேள்வி: சிக்னல் போடாமல் திரும்பிய லாரி மோதி என் கணவர் இறந்துவிட்டார். வயது 38. சொந்தமாக எலக்ட்ரீஷியன் வேலை செய்து மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தார். நான், இரண்டு குழந்தைகள், மாமியார் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தோம். அன்று அவர் ஹெல்மெட் போடவில்லை. லோக் அதாலத்தில் (சமரச மக்கள் நீதிமன்றம்) 17 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளச் சொல்கிறது காப்பீட்டு நிறுவனம். "தன் உயிரை அவரே மதிக்கவில்லையே" என்கிறார் அவர்களது வழக்கறிஞர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: சகோதரி, போடாதீர்கள். லோக் அதாலத்தில் சமரசமாகிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

பாதுகாப்புக்கு மக்கள் எவ்வளவு செலவிடுகிறார்கள், ஆபத்தான வேலைக்கு எவ்வளவு கூடுதல் கூலி கேட்கிறார்கள் என்று பார்த்து உயிருக்கு மதிப்பு போடும் வழக்கம் பொருளாதார அறிஞர்களிடம் உண்டு. சாலைத் திட்டங்களின் பலனைக் கணக்கிட அரசுகளுக்கு அது உதவலாம். விபத்துத் தீர்ப்பாயம் பார்ப்பது வேறு: அவர் போனதால் உங்கள் குடும்பம் இழந்த வருமானம் எவ்வளவு?

பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்பவரின் வருமானத்தோடு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 18,000 ரூபாய் 25,200 ஆகிறது. சார்ந்திருப்பவர்கள் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 18,900. ஆண்டுக்கு 2,26,800. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க அவர் வயதுக்கு வகுத்திருக்கும் எண் 15. மொத்தம் 34,02,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கில் ஹெல்மெட்டுக்கு எங்கும் இடமில்லை.

அது நுழையக்கூடிய இடம் ஒன்றுதான்: பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது இறந்தவரின் தவறும் இழப்புக்கு ஒரு காரணம் என்ற வாதம். ஹெல்மெட் அணியாதது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவை மீறிய குற்றம். அதற்குத் தனியே அபராதம் இருக்கிறது. இழப்பீட்டைக் குறைக்க அந்த மீறல் மட்டும் போதாது. அதனால்தான் விபத்து நேர்ந்தது, அல்லது காயம் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போனது என்று காப்பீட்டு நிறுவனம் நிரூபிக்க வேண்டும். முகமது சித்திக் வழக்கில் ஒரே பைக்கில் மூவர் போனார்கள்; பின்னாலிருந்து கார் மோதியது. மூவர் போனது சட்டமீறல்தான், ஆனால் விபத்துக்கும் அதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று சொல்லி, உயர் நீதிமன்றம் செய்திருந்த 10 சதவீதக் கழிவை 2020-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

நீங்கள் அனுப்பிய பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. மண்டை ஓட்டில் முறிவு இல்லை, மூளையில் ரத்தக்கசிவு இல்லை. கல்லீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியதே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். எந்த ஹெல்மெட் கல்லீரலைக் காத்திருக்கும்? தலைக்காயத்தால் இறந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். அத்தகைய சில வழக்குகளில் 10, 15 சதவீதம் கழித்திருக்கிறார்கள். அப்போதும்கூட பாதியைக் கழிக்கக் கேட்பது அநியாயம்.

உங்கள் பலவீனம் வருமானச் சான்றில்தான் இருக்கிறது. அவருக்கு வேலை கொடுத்த கட்டட ஒப்பந்ததாரர்களில் ஒருவரையாவது சாட்சி சொல்ல அழைத்து வாருங்கள். வங்கிக் கணக்குப் பதிவுகளையும் மின்பணியாளர் உரிமம் இருந்தால் அதையும் தாக்கல் செய்யுங்கள். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறார்கள்.